இருநூற்றுப் பதினான்கு ரோஜாச் சீட்டுகள்

ஏப்ரல் 3, திங்கள்

மலைப் படையணிகள் மூன்றும் அரசைவிட்டுப் பிரிந்துபோய் இன்றோடு பதினைந்து நாள். யார் ஜெயிப்பார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. போனவர்களுடைய கோப்புகளை இனி எந்த அலமாரியில் வைப்பது என்று கவலைப்படுகிறவன் இந்த வெண்கரைக் குடியரசில் நான் ஒருவன்தான். மொத்தம் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். துப்பாக்கிகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு போனவர்கள், தங்கள் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவற்றின்மேல் என்ன முத்திரை குத்துவது என்று காலைக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசினோம். 'துரோகி' என்றார் ஒருவர். அப்படி ஒரு வகை நம் விதிப்புத்தகத்தில் இல்லை என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். கடைசியில் 'அனுமதியின்றி விடுப்பில் இருப்பவர்' என்று முடிவாயிற்று. நேற்று அந்த விடுப்புக்காரர்கள் தண்டவாளப் பாலத்தைத் தகர்த்திருக்கிறார்கள்.

எங்கள் பிரிகேடியரும் மலைக்காரர், அவரும் போய்விட்டார். மூக்குக்கண்ணாடி மேசைமேலேயே இருக்கிறது. அந்த நாற்காலிக்கு அடுத்தவன் கர்னல் வைரவநாதனாகிய நான். முப்பத்தொரு வருடப் பணியில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. உடம்பில் இருக்கும் ஒரே வடு, காகிதத்தில் துளை போடும் கருவியால் வந்தது. ஆனால் படையில் யார் எந்த வருடம் சேர்ந்தான், எந்தப் பல் ஆடுகிறது என்பதெல்லாம் என் ஆவண அறையில் இருக்கிறது.

மகள் தமயந்தி குழந்தையோடு பிப்ரவரியிலிருந்து நம் வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை கேப்டன் இளம்பரிதிக்கு மலையில் பணி. இதற்குமேல் இதைப்பற்றி எழுத வேண்டியதில்லை.

ஏப்ரல் 6, வியாழன்

முத்திரை வந்தது. மை வரவில்லை.

ஏப்ரல் 10, திங்கள்

உளவுப் பிரிவிலிருந்து மேஜர் சக்ரபாணி வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும், உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிடுகிற ரகம்.

"கர்னல் சார், ஓடிப்போனவங்க கோப்புல ஒரு மஞ்சள் அட்டை இருக்காமே?"

உறவினர் அட்டையைச் சொல்கிறார். சிப்பாய் இறந்துபோனால் யாருக்குத் தந்தி கொடுப்பது என்பதற்காக, மனைவி, தாய் தகப்பன் பெயரும் வீட்டு முகவரியும் எழுதி ஒவ்வொரு கோப்பிலும் ஓர் அட்டை வைத்திருக்கிறோம். ஆறுதல் தந்தியைத் தவிர வேறு எதற்கும் அது இதுவரை வெளியே போனதில்லை.

"எல்லா அட்டையும் வேணும் சார். இவங்க குடும்பமெல்லாம் தலைநகர்லதான் இருக்கு. பழைய உப்புக் கிடங்குல கொண்டுபோய்ப் பத்திரமா வைக்கப்போறோம். புருஷன் சுடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பான் பாருங்க."

"கிடங்கில் தண்ணீர் வசதி உண்டா?" என்று கேட்டேன்.

"ஏற்பாடு பண்ணிடலாம்."

எழுத்துப்பூர்வமாக, மூன்று பிரதிகளில் கேட்க வேண்டும் என்றேன். பையிலிருந்து மூன்று பிரதிகளையும் எடுத்து வைத்தார். எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது. எழுந்து போகும்போது பிரிகேடியரின் நாற்காலியைப் பார்த்து, "ரொம்ப நாள் காலியா இருக்கக் கூடாது சார், நல்லா இல்ல" என்றார்.

ஏப்ரல் 11, செவ்வாய்

எழுதிவிடுவதே மேல். மாப்பிள்ளையும் போனவர்களில் ஒருவர். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. மலைக்காரரைக் கட்டிக்கொண்டாள் என்று அந்தக் கல்யாணத்துக்கே நான் போகவில்லை. மகள் வெளியூரில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தேன். மேற்பார்வையாளர் அற்புதமேரிக்கு மட்டும் தெரியும். இருபத்தாறு வருடமாக என் பிரிவில் இருக்கிறார், அவருக்குத் தெரியாதது கிடையாது.

முகவரி மாறினால் ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று போன வருடம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். முழுப் படையிலும் அதை மதித்தவர் ஒரே ஒருவர், கேப்டன் இளம்பரிதி. தமயந்தி இங்கே வந்த மூன்றாம் நாளே அட்டையைத் திருத்தி அனுப்பிவிட்டார். கோப்பு எண் 1187. அதில் இருப்பது என் வீட்டு முகவரி.

சாப்பிடும்போது மனைவி கோமதியிடம் சொன்னேன்.

"அப்ப அந்த அட்டையை எடுத்துட்டு வாங்க" என்றாள், கடையில் கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வதுபோல.

"கோப்பிலிருந்து ஒரு தாளை உருவுவது குற்றம்."

"பேத்தியை உப்புக் கிடங்குல போடுறது என்னவாம்?"

விதிகளைப் பற்றி இவளுக்கு விளக்க முடிந்ததே இல்லை.

ஏப்ரல் 13, வியாழன்

எடுத்துவிட்டேன். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனபின் ஆவண அறைக்குப் போய் 1187-ஐ இறக்கி, அட்டையை எடுத்து, கோப்பைக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அட்டை டிபன் பாக்ஸின் மேல் தட்டில் வீடு வந்தது. கோமதி அதை அடுப்பில் போட்டு அதன்மேல் ரசத்தை வைத்தாள். முப்பத்தொரு வருடத்தில் நான் செய்த முதல் ராணுவ நடவடிக்கை இது. உள்ளே ஒரு சிறு பெருமிதம் இருக்கத்தான் செய்கிறது.

ஏப்ரல் 14, வெள்ளி, சித்திரை முதல் நாள்

மாங்காய்ப் பச்சடியை வாயில் வைத்தபோது நினைவு வந்தது. சீட்டு போட்டுவிட்டேன்.

ரோஜாச் சீட்டு என் கண்டுபிடிப்பு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கொண்டுவந்தேன். கோப்பிலிருந்து எந்தத் தாளை எடுத்தாலும், அந்த இடத்தில் அதே அளவில் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டு வைக்க வேண்டும்: எடுத்தது எது, எந்தத் தேதி, என்ன காரணம், அதிகாரி கையெழுத்து. கையெழுத்துப் போடும் உரிமை எனக்கு மட்டும்தான். படைப் பயிற்சி நூலில் இதைப்பற்றி அரைப் பக்கம் வந்திருக்கிறது.

நேற்று அட்டையை உருவிய கை, தன்பாட்டுக்குச் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, நிரப்பி, கையெழுத்துப் போட்டு, உள்ளே வைத்துவிட்டது. காரணம் என்ற இடத்தில் 'சொந்த உபயோகம்' என்று எழுதினேன் என்பதும் நினைவிருக்கிறது.

கோமதி தலையில் அடித்துக்கொண்டாள். தமயந்தி சிரித்தாள், பிறகு அழுதாள். திங்கள் காலைவரை அலுவலகம் விடுமுறை. இடையில் போனால் வாசல் பதிவேட்டில் வந்த காரணத்தை எழுத வேண்டும். அந்தப் பதிவேடும் நான் கொண்டுவந்ததுதான்.

ஏப்ரல் 17, திங்கள்

முதல் ஆளாகப் போனேன். எனக்கு முன்னால் அற்புதமேரி வந்திருந்தார். அவர் மேசைமேல் ஆயிரத்து நூறு வரிசைக் கோப்புகள் அடுக்கியிருந்தன.

"1187 வேணும்மா."

"அது பாத்தாச்சு சார். ரோஜாச் சீட்டு இருந்துச்சு. சீட்டுப் பதிவேட்டுல ஏத்திட்டேன்."

பதிவேட்டில் ஏறியதை யாராலும் இறக்க முடியாது. அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சார், இன்னும் ரெண்டு கட்டு ரோஜாச் சீட்டு வேணும்."

"ஒரு கட்டில் ஐம்பது இருக்குமே! போன வருடம் முழுக்க ஒன்பதுதானே செலவாயிற்று?"

"இந்த வருஷம் கரையான் ஜாஸ்தி சார்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆவண அறையில் கரையான் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

ஏப்ரல் 20, வியாழன்

அட்டைகள் உளவுப் பிரிவுக்குப் போகத் தொடங்கிவிட்டன. லாரிகளும் ஓடுகின்றன. மேஜர் தொலைபேசியில் கத்தினார்: "என்ன சார் இது, அகர வரிசைல அனுப்பியிருக்கீங்க! ஒரே தெருவுக்கு ஒன்பது தடவை லாரி போகுது. தெருவாரியாப் பிரிச்சுக் குடுங்க!"

கோப்புகள் பெயரின் அகர வரிசையில் இருப்பதே விதி, தெருவாரியாகப் பிரிக்க மூன்று வாரம் பிடிக்கும் என்றேன். வேண்டுமென்று சொன்னதல்ல. உண்மையிலேயே மூன்று வாரம் பிடிக்கும்.

மாலை வீடு திரும்பும்போது என் ஜீப்பை ஒதுக்கிவிட்டு ஒரு லாரி முந்திப் போனது. பின்னால் பெண்களும் குழந்தைகளும். ஒரு பெண் மடியில் அரைத்த மாவுப் பாத்திரத்தை மூடாமல் வைத்துக்கொண்டிருந்தாள். மாவு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அவள் அதைக் கையால் வழித்து வழித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை, நாளைக்கு இட்லி சுடலாம் என்று நினைத்திருக்கிறாள். அவள் பெயர் 'அ'வில் தொடங்கும் யாரோ ஒருவனின் அட்டையில் இருந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 24, திங்கள்

மூன்றாவது, நான்காவது சீட்டுக் கட்டுகள். கரையான் என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஏப்ரல் 26, புதன்

தமயந்தி விடியற்காலை மீன் லாரியில் கிளம்பினாள். கோமதியின் சித்தி மகன் தென்கோடியில் படகு வைத்திருக்கிறான். கடல் அடங்கியதும், அநேகமாக மே ஏழாம் தேதி, அக்கரைக்குக் கூட்டிப்போவான். அதுவரை அந்தச் சீட்டு யார் கண்ணிலும் படக் கூடாது. பட்டால் அவளைத் தேடுவார்கள், என்னைச் சுவரோடு நிறுத்திச் சுடுவார்கள்.

குழந்தையை என்னிடம் கொடுத்து வாங்கிக்கொண்டாள். "நான் தப்பிச்சுட்டேன்பா. மத்தவங்க எல்லாம் உங்க கையெழுத்துல போறாங்க" என்றாள்.

பெற்ற தகப்பனிடம் பேசும் பேச்சா இது என்று கேட்க நினைத்தேன். லாரி கிளம்பிவிட்டது. அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

மே 2, செவ்வாய்

இன்றுமுதல் நான் பிரிகேடியர். சட்டைக் காலரில் தைக்கும் சிவப்புக் கழுத்துப்பட்டி வந்திருக்கிறது. கோமதியிடம் தைத்துத் தரச் சொன்னேன். "ஊசி எங்கேயோ போயிடுச்சு" என்றாள். ஊசி ஊசிப்பெட்டியில் இருந்தது. நானே தைத்துக்கொண்டேன், கொஞ்சம் கோணல்.

மேஜர் வாழ்த்துச் சொல்ல வந்தார். லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "3,412 அட்டைல எங்களுக்கு வந்தது 3,198. மீதி 214 எங்க சார்?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். ஆனால் என் ஆவண அறையில் தாள் காணாமல் போகும் என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்வதை எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது?

"இங்கே எதுவும் தொலையாது, மேஜர். தாளை எடுத்திருந்தால் அந்த இடத்தில் சீட்டு இருக்கும்."

"என்ன சீட்டு?"

ரோஜாச் சீட்டின் வரலாற்றை இருபது நிமிடம் அவருக்கு விளக்கினேன். பயிற்சி நூலின் அரைப் பக்கத்தையும் எடுத்துக் காட்டினேன். அவர் குறிப்பெடுத்துக்கொண்டார். அவர் போன பிறகுதான் என் வாயை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

மே 3, புதன்

அற்புதமேரியை அழைத்துக் கதவைச் சாத்தினேன். கரையானைப் பற்றி உண்மையைச் சொல்லும்படி கேட்டேன். அவர் போய் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். இருநூற்றுப் பதினான்கு சீட்டுகள், எல்லாம் பதிவேட்டில் ஏறியவை. எல்லாவற்றிலும் என் கையெழுத்து. அவற்றில் நான் போட்டது ஒன்று.

பிரிவின் குமாஸ்தாக்கள் ஆறு பேரும், இவர் உட்பட, தெரிந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் என்று பார்த்துப் பார்த்து அட்டையை உருவியிருக்கிறார்கள். உருவிய ஒவ்வோர் இடத்திலும் முறைப்படி சீட்டு வைத்து என் பெயரை எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருடப் பயிற்சி. திருடும்போதுகூட இவர்களுக்குச் சீட்டு வைக்காமல் இருக்கத் தெரியவில்லை.

காரணம் என்ற இடத்தைப் படித்துக்கொண்டே போனேன். 'கரையான்.' 'மறுதட்டச்சு.' 'கரையான்.' ஒரு சீட்டில் 'பாவம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"யார் சொல்லி இதைச் செய்தீர்கள்?"

"நீங்கதான் சார்" என்றார் ஆச்சரியத்தோடு. "1187ல உங்க சீட்டைப் பாத்தோம். வைரவநாதன் சாரே எடுக்கறாரு, அதுவும் சொந்தக் கையெழுத்தோட, ஒளிவு மறைவு இல்லாம! அதைப் பாத்துத்தான் எங்களுக்குத் தைரியம் வந்துச்சு."

என்ன சொல்வது? மறதியால் போட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "ம்" என்றேன்.

மே 5, வெள்ளி

மேஜர் சீட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார். மதியம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். உளவுப் பிரிவில் காபி நன்றாக இருக்கிறது.

"ஒரே கையெழுத்து மாதிரி தெரியல சார். ஆறு ஏழு கை இருக்கு. உங்க குமாஸ்தாக்கள் வேலை. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். எல்லாமே போலின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை கையெழுத்து நிபுணர் வர்றாரு, அவர் பாத்துச் சொல்லிட்டா அவங்க ஆறு பேரையும் சுவத்துல சாத்திடலாம். நீங்க பிரிகேடியராவே இருக்கலாம்."

எல்லாமே என்றால் 1187-ம் சேர்ந்து போலியாகிவிடும். அது யாருடைய கோப்பு என்று அவர் இன்னும் பார்க்கவில்லை. ஒரே வரியில் நானும் தப்பலாம், தமயந்தியும் தப்பலாம். எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் புத்திசாலித்தனம், யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள்.

மே 6, சனி

காலையில் உட்கார்ந்து அந்த வரியை எழுதினேன். 'மேற்படி சீட்டுகளில் உள்ள கையெழுத்து எதுவும் என்னுடையதல்ல.' கோமதி வாங்கிப் படித்தாள். "இதுக்குக் கீழ உங்க கையெழுத்து வேணுமில்ல?" என்று கேட்டுவிட்டுப் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மை காய்ந்துபோயிற்று.

பதினோரு மணிக்கு அலுவலகம் போய் ஆறு பேரையும் வரவழைத்தேன். ஆளுக்கொரு தாள் கொடுத்தேன்.

"என் கையெழுத்தைப் போடுங்கள். சீட்டில் போட்டது மாதிரியே. ஆளுக்கு ஐம்பது."

அற்புதமேரி மட்டும் புரிந்துகொண்டார். "வேணாம் சார்" என்றார் மெதுவாக.

"இந்தப் பிரிவில் அதிகாரிக்குப் பதில் குமாஸ்தா கையெழுத்துப் போட்டார் என்று வெளியே பெயர் வரக் கூடாது. வேறொன்றும் இல்லை. போடுங்கள்."

போட்டார்கள். லூயிஸ் போடும் 'வைரவநாதன்' எனக்கே இல்லாத கம்பீரத்தோடு நிற்கிறது. மரகதம் இடது பக்கம் சாய்க்கிறாள். கடைசி மேசை நாகூர்கனி என் பெயருக்குக் கீழே இரண்டு புள்ளி வைக்கிறார். ஏன் என்று கேட்டேன், நீங்கள் அப்படித்தான் வைப்பீர்கள் என்றார். பழைய கோப்பு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், வைக்கிறேன். தாள்களை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மே 7, ஞாயிறு

காலையிலிருந்து என் கையெழுத்தைப் போட மற்றவர்களிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன். லூயிஸ் வசப்பட்டுவிட்டான். மரகதத்தின் சாய்வுதான் கஷ்டம். கோமதி தாள்களைச் சேகரித்துச் சேகரித்து அடுப்பில் போடுகிறாள். நடுவில் கேட்காமலே காபி வந்தது, கல்யாணமான புதிதில் வந்ததுபோல. கழுத்துப்பட்டியைப் பிரித்து நேராகத் தைத்தும் வைத்திருக்கிறாள்.

மே 8, திங்கள், காலை

மீன் சந்தையிலிருந்து ஆள் வந்து, சரக்கு அக்கரை சேர்ந்துவிட்டது என்று சொல்லிப் போனான். கோமதி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் சவரம் செய்துகொண்டேன்.

மே 8, மாலை

காவல் அறையில் எழுதுகிறேன். நோட்டைக் கோமதியிடம் சேர்க்க ஆள் இருக்கிறது.

இருநூற்றுப் பதினான்கும் என்னுடையவை என்று எழுதிக் கொடுத்தேன். மேஜர் நம்பவில்லை. "ஆறு ஏழு மாதிரி இருக்கே சார்?" என்றார். முப்பத்தொரு வருடம் கையெழுத்தாகப் போட்டுத் தள்ளியவனுக்குக் காலையில் ஒரு மாதிரி வரும், சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாதிரி வரும் என்றேன். நிபுணர் வந்தார். பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பயிற்சி கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றவர், கையில் பூதக்கண்ணாடி. என்னைப் போடச் சொன்னார். போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து ஒன்று, சாய்ந்து ஒன்று, இரண்டு புள்ளியோடு ஒன்று. நாலு மணி நேரம் ஒவ்வொரு சீட்டாக வைத்து ஒப்பிட்டார்.

பிறகு அறிக்கையைப் படித்தார். இருநூற்றுப் பதின்மூன்று சீட்டுகளில் உள்ளவை ஐயத்துக்கு இடமின்றிப் பிரிகேடியர் வைரவநாதனின் கையெழுத்து. ஒன்றுமட்டும் தெளிவான போலி, இவர் கை அந்த மாதிரி ஒருபோதும் வளையாது. எண் 1187.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, அதுவும் என்னுடையதுதான்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாது, உட்காருங்க" என்றார் அவர்.

"சத்தியமா நான் போட்டது!"

மேஜர் கையமர்த்தினார். "சார், 213க்கே உங்களைச் சுடலாம். ஒரு சீட்டுக்காக இன்னொரு விசாரணை வச்சு, யாரு போட்டதுன்னு தேடி, அதுக்கு மூணு பிரதி எழுதி... எனக்கு வேற வேலை இல்லையா?" என்று 1187-ஐ எடுத்துக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். அதற்குப் பதில் ஒரு சீட்டு வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

குமாஸ்தாக்களை விட்டுவிட்டார்கள். வாசலில் அற்புதமேரி நின்றிருந்தார். என்னை அழைத்துப் போகும்போது ஆறு பேரும் சல்யூட் அடித்தார்கள். சிவிலியன்கள் சல்யூட் அடிக்கக் கூடாது என்பது விதி. நானும் பதிலுக்கு ஒரு சல்யூட் அடித்தேன்.

நாளை தீர்ப்பு. அதில் என்மேல் இருநூற்றுப் பதின்மூன்று குற்றங்கள் இருக்கும், அவற்றில் ஒன்றையும் நான் செய்யவில்லை. செய்தது ஒன்றே ஒன்று, என் பேத்திக்காக, பயந்து பயந்து, யாருக்கும் தெரியாமல் செய்தேன். அதிலிருந்து என்னை விடுவித்துவிட்டார்கள். மற்ற இருநூற்றுப் பதின்மூன்று வீடுகளில் இன்று இரவு அடுப்பு எரியும். அந்த அட்டைகளில் ஒன்றையாவது நானாக நினைத்து எடுத்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.